ஓடை வகுப்பு

செப்டம்பர் 12, திங்கள்

மகள் கோபிகா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். அவள் ஏழாம் வகுப்பு. அவளுடைய அறிவியல் டீச்சர் எஸ்தர் இந்த வருஷம் ஓடை வகுப்பு என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பதினொரு மணிக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடும் ஓடைக்குக் கூட்டிப் போகிறார். அது போக, வீட்டுக்கு ஒரு பெரியவர் தினமும் மழையை அளந்து எழுத வேண்டுமாம். அவள் அம்மா ருக்மணி பனியன் கம்பெனியிலிருந்து வர ஏழரை ஆகிவிடும். அதனால் என் தலையில் விழுந்தது.

மொட்டை மாடியில் கழுத்து வெட்டின பாட்டில் ஒன்றைக் கோபிகா வைத்திருக்கிறாள். மாலை ஆறு மணிக்கு ஸ்கேல் வைத்துப் பார்க்க வேண்டும். எழுதுவது எனக்குப் புதிதல்ல. சாயப்பட்டறையில் கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிளான்டில் பதினான்கு வருஷமாக ஆபரேட்டர். மணிக்கு ஒருமுறை ரீடிங் எழுதுகிற கை. இந்த டைரியும் கெமிக்கல் கடைக்காரர் கொடுத்ததுதான்.

மழை இல்லை.

செப்டம்பர் 13, செவ்வாய்

மழை இல்லை.

செப்டம்பர் 16, வெள்ளி

மழை இல்லை. ஓடை வகுப்பில் ஆளுக்கு ஐந்தடி கரை பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஐந்தடியில் முளைப்பது, ஊர்வது, பறந்து வந்து உட்காருவது எல்லாவற்றையும் வருஷம் முழுக்கத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கோபிகாவுக்குக் கிடைத்தது புங்க மரத்தடி. பக்கத்து ஐந்தடி அவளுடைய சிநேகிதி அஃப்ரினுக்கு. அஃப்ரினின் அம்மா நூர்ஜஹானும் ருக்மணியும் ஒரே கம்பெனியில் ஒரே லைனில் உட்கார்ந்து பீஸ் செக்கிங் பார்க்கிறவர்கள்.

சாப்பிடும்போது கோபிகா அங்கே பார்த்த பதினொன்றின் பேரைச் சொன்னாள். இரண்டு வகை எறும்பு, தட்டான், கோரை, பொன்னாங்கண்ணி, இன்னும் என்னென்னவோ. சோறு ஆறிவிட்டது. ஓடை எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். ஏரி நிரம்பினால் வருகிற தண்ணீர் என்றேன். அது உண்மைதான்.

செப்டம்பர் 20, செவ்வாய்

மழை 22 மி.மீ. ஷிப்டில் வேலை கூடுதல். வேறொன்றுமில்லை.

செப்டம்பர் 21, புதன்

மழை இல்லை. கோபிகா காலையில் பள்ளிக்கூடம் போகுமுன் ஓடையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். தண்ணீர் பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறதாம். செம்மண் கரைந்து வந்திருக்கும் என்றேன்.

"செம்மண்ணு இந்தக் கலர்ல இருக்காதுங்கப்பா" என்றாள்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. கிளம்பிவிட்டேன்.

செப்டம்பர் 23, வெள்ளி

செத்த மீன் குஞ்சுகளைப் பிள்ளைகள் எண்ணினார்களாம். நாற்பத்தொன்று. அழ வேண்டாம், முதலில் எண்ணுங்கள் என்று சொன்ன டீச்சரே பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாராம். கோபிகா இன்று பேர் எதுவும் சொல்லவில்லை. மழை இல்லை.

செப்டம்பர் 25, ஞாயிறு

மழை 12. வார லீவு. வீட்டில் இருந்தேன். மிக்ஸிக்கு வயர் மாற்றினேன்.

செப்டம்பர் 30, வெள்ளி

பெற்றோரை ஓடைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். முப்பத்தாறு பிள்ளைகளுக்கு வந்தவர்கள் ஒன்பது பேர். பாதிப் பேர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கரை மேலேயே நின்றோம். பிள்ளைகள் யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அவரவர் ஐந்தடியில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். அஃப்ரின் ஓர் ஓட்டை வாளியை வைத்து ஏதோ தண்ணீர்ப் பூச்சியைப் பிடித்து, காலை எண்ணிவிட்டுத் திரும்ப விட்டாள்.

எஸ்தர் டீச்சருக்கு முப்பது வயதுதான் இருக்கும். சத்தமாகப் பேசத் தெரியாதவர். இதனால் பிள்ளைகளுக்கு மார்க் வருமா என்று ஒருவர் கேட்டதற்கு அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதிவைக்கிறேன்.

"நீர் மாசுன்னு புத்தகத்துல ஒரு பாடம் இருக்குதுங்க. இவங்க அதை நல்லாவே எழுதுவாங்க. எழுதி பாஸாகி, பெரியவங்களாகி, அந்த மாசைப் பண்ணற வேலைக்கே போவாங்க. அப்பவும் அந்தப் பாடம் ஞாபகம் இருக்கும். ஓடையைத்தான் தெரிஞ்சிருக்காது. தெரிஞ்சவங்களுக்குக் கை வராதுன்னு நான் நம்பறேன்."

அவர் யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. பட்டறையின் பின்சுவர் அங்கிருந்தே தெரிகிறது.

பத்தாம் வகுப்பில் அறிவியலில் நான் எண்பத்தொன்று.

மழை இல்லை.

அக்டோபர் 5, புதன்

மழை 14. ஆயுத பூஜைக்குப் பட்டறை நேற்றும் இன்றும் லீவு. மாலையில் கோபிகா மாடிக்கு வந்து அவளே ஸ்கேல் வைத்துப் பார்த்தாள். ஓடையில் தண்ணீர் தெளிவாக ஓடுகிறதாம்.

அக்டோபர் 7, வெள்ளி

மழை இல்லை. பிள்ளைகள் கரையோரம் கல் அடுக்கிச் சின்னதாக ஒரு குட்டை கட்டியிருந்தார்கள். அதில் தவளை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டது. கோபிகா ஷிப்டு விடும் நேரத்துக்குப் பட்டறை வாசலுக்கே வந்து என்னைக் கூட்டிப் போனாள்.

தலைப்பிரட்டைகள் கறுப்பாக, உளுந்தைக் கொட்டினாற்போல நெளிந்துகொண்டிருந்தன. கையைத் தண்ணீருக்குள் வைத்து ஆட்டாமல் இருக்கச் சொன்னாள். நான் தயங்கினேன். அவளே என் கையைப் பிடித்து உள்ளே வைத்தாள். கொஞ்ச நேரத்தில் வந்து விரலை முட்டின. பல் இல்லாத குழந்தை சப்புவது போல இருந்தது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தண்ணீரில் நான் கை வைப்பது இதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவவில்லை.

அக்டோபர் 10, திங்கள்

மழை இல்லை. பிளான்டில் கழிவுத் தண்ணீரை ஆவியாக்கும் மெஷின் நின்றுவிட்டது. பார்ட்ஸ் அகமதாபாத்திலிருந்து வர வேண்டும். பத்து நாள் ஆகும். சாயத் தண்ணீர் சேர்கிற டேங்கு முக்கால் நிறைந்திருக்கிறது. மேனேஜர் கதிரேசன் வந்து வானத்தைப் பார்த்துவிட்டுப் போனார்.

அக்டோபர் 12, புதன்

மழை இல்லை. இரண்டு நாள் சாயம் ஏற்றுவதை நிறுத்தலாமா என்று மேனேஜரிடம் கேட்டேன். தீபாவளிக்குள் போக வேண்டிய துணி, நூற்று நாற்பது பேர் வேலை என்றார். கோபப்படவில்லை. இத்தனை வருஷம் கேட்காதவன் இப்போது ஏன் கேட்கிறேன் என்றுதான் அவருக்கு ஆச்சரியம்.

அக்டோபர் 13, வியாழன்

இன்றும் இல்லை. டேங்கு விளிம்பு வரைக்கும் வந்துவிட்டது. காரத்தைக் குறைக்க ஆசிட் ஏற்றும் பம்பும் இழுக்கவில்லை. தலைப்பிரட்டைகளில் இரண்டுக்குப் பின்கால் முளைத்துவிட்டதாம்.

அக்டோபர் 14, வெள்ளி

மழை 31.

அக்டோபர் 16, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோபிகா தூங்குகிறாள்.

நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மழையில் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்பதற்காக டீச்சர் பிள்ளைகளைக் குடையோடு கூட்டிப் போயிருக்கிறார். யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று சொல்லித்தான் கூட்டிப் போனாராம். தண்ணீர் திடீரென்று நிறம் மாறி நுரையோடு வந்திருக்கிறது. குட்டையில் இருந்த குஞ்சுகளை வாளியில் அள்ளிவிடலாம் என்று கோபிகாவும் அஃப்ரினும் இறங்கிவிட்டார்கள். கோபிகாவுக்கு இரண்டு காலும் கணுக்கால் வரை தோல் உரிந்துவிட்டது. அஃப்ரின் வழுக்கி முகங்குப்புற விழுந்தாள். அவளைத் தூக்கப் போன டீச்சருக்குக் கையெல்லாம் கொப்புளம். அஃப்ரினுக்கு இடது கண். முதலில் இந்த ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். அன்று மாலையே கோயம்புத்தூருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் மதியம் ஒன்றரைக்கு வந்தேன். தண்ணீரில் என்ன இருந்தது என்று யாருக்காவது தெரியுமா என்று டாக்டர் கேட்டார். எல்லோரும் நின்றுகொண்டிருந்தோம். யாரும் சொல்லவில்லை.

மழையில் பிள்ளைகளைக் கூட்டிப் போவார்கள் என்று யார் நினைப்பார்கள்.

அக்டோபர் 17, திங்கள்

மேனேஜர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தார். ஓடையில் மேலே ஐந்து பட்டறை இருக்கிறது, யார் என்று எவனாலும் சொல்ல முடியாது என்று வராண்டாவில் வைத்து என்னிடம் சொன்னார். போகும்போது கோபிகாவின் தலையைத் தடவினார்.

அக்டோபர் 19, புதன்

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். அன்றைக்கு ஓடைக்கு ஒன்பது பேர் வந்தோம். இன்றைக்கு இடமில்லாமல் வெளியே நின்றார்கள். படிக்க அனுப்பினால் சாக்கடையில் இறக்குகிறாயா என்று டீச்சரைக் கேட்டார்கள். இரண்டு கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றார். தப்பு என்னுடையதுதான், மழை நாளில் கூட்டிப் போயிருக்கக் கூடாது என்றார். தண்ணீரில் அதை விட்டது யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை.

டீச்சரை மாற்ற வேண்டும், ஓடை வகுப்பை நிறுத்த வேண்டும் என்று மனு எழுதினார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகளின் அப்பாக்கள் முதலில் போட வேண்டும் என்றார்கள். அஃப்ரினின் அப்பா அபுபக்கர் கோயம்புத்தூரில் இருக்கிறார்.

முதல் கையெழுத்து என்னுடையது.

அக்டோபர் 21, வெள்ளி

கோபிகாவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். டீச்சரை வேறு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். ஓடைக்குப் போகிற பின்கதவுக்குப் பூட்டுப் போட்டாகிவிட்டது. கோபிகா கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மனுவில் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று ருக்மணி கேட்டாள். எல்லோரும்தான் என்றேன்.

அக்டோபர் 24, திங்கள்

தீபாவளி. கோபிகாவுக்குத் தலைக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி, கால் நனையாமல் புதுத்துணி போட்டுவிட்டாள் ருக்மணி. பலகாரம் செய்யவில்லை. மழை 6. பழக்கத்தில் மாடிக்குப் போய்ப் பார்த்தேன்.

அக்டோபர் 27, வியாழன்

இதை முழுக்க எழுதிவிட வேண்டும்.

வேலை விட்டு வந்தபோது கோபிகா கட்டிலில் தன் ஓடை நோட்டையும் இந்த டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தாள். மழை அளவைப் பார்த்துக் கட்டம் போடுவதற்காக எடுத்திருக்கிறாள். டைரியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மழையை மட்டும்தான் எழுதுகிறேன் என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன் போல.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"செப்டம்பர் இருபது மழைங்க, தண்ணி கெட்டுப்போச்சு. இருவத்தஞ்சும் மழைதான், கெடல. அன்னிக்கு உங்களுக்கு லீவு. அக்டோபர் அஞ்சு மழை, கெடல. அன்னிக்கும் லீவு. பதினாலு..."

அதற்கு மேல் அவள் படிக்கவில்லை. பிறகு கேட்டாள்.

"வெள்ளிக்கெழமன்னு தெரியுமுங்களா?"

தெரியும் என்றேன்.

தெரியும். அன்று காலை இட்லி சாப்பிடும்போது அவள்தான் சொன்னாள், மழை பெய்தாலும் போகிறோம், குடை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள் என்று. அவள் குடைக் கம்பியை நான்தான் நிமிர்த்திக் கொடுத்தேன். பத்தே முக்காலுக்கு மேனேஜர் வந்து டேங்கைத் திறந்துவிடச் சொன்னார். சாயங்காலம் திறக்கலாம் என்றேன். சாயங்காலம் மழை நின்றுவிடும், மழையோடு விட்டால்தான் வெளியே தெரியாது என்றார். நான் காரணத்தைச் சொல்லியிருக்கலாம். என் மகள் அங்கே நிற்பாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரும் மனுஷன்தான். சொன்னால், அந்தத் தண்ணீர் பிள்ளைகள் மேல் படக் கூடாத தண்ணீர் என்று நான் வாயால் ஒத்துக்கொண்டதாகும். பதினான்கு வருஷமாக அதைச் சொல்லாமல்தான் வேலை பார்த்திருக்கிறேன். கரையில்தானே நிற்பார்கள், இறங்க மாட்டார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு பதினொன்று பத்துக்கு வால்வைத் திருப்பினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோதும் எனக்குத் தெரியும். காஸ்டிக் என்று ஒரு சொல். உடனே சொல்லியிருந்தால் கண்ணை இன்னும் நன்றாகக் கழுவியிருப்பார்களோ என்னவோ. அதற்குப் பிறகு எந்த டாக்டரிடமும் இதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கோபிகா டைரியை மூடி என் பக்கம் தள்ளிவைத்தாள். ருக்மணி அடுப்பங்கரை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு நூர்ஜஹான் மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்கறது?" என்று மட்டும் கேட்டாள்.

அக்டோபர் 28, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. எஸ்தர் டீச்சர் வீட்டுக்குப் போனேன். புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், மனுவையும் சேர்த்து. கையிலிருந்த புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்தார். கட்டு அவிழ்த்த கையில் தோல் இன்னும் சிவப்பாக இருந்தது.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகும்?" என்றார். "எழுதிக் குடுக்க வேண்டிய எடத்துல எழுதிக் குடுங்க."

நான் வாசலுக்கு வந்த பிறகு, கோபிகா சாப்பிடுகிறாளா என்று கேட்டார்.

அக்டோபர் 31, திங்கள்

எழுதிக் கொடுத்துவிட்டேன். முதலில் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகம், பிறகு போலீஸ் ஸ்டேஷன். தேதி, மணி, எவ்வளவு நேரம் எல்லாம். லாக் புக்கில் இருப்பவை உண்மையான ரீடிங் இல்லை என்பதையும் எழுதினேன். என் பேரும் வழக்கில் வரும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். வரட்டும் என்றேன்.

நவம்பர் 3, வியாழன்

பட்டறைக்கு சீல் வைத்துவிட்டார்கள். மேனேஜர் கைதாகி ஜாமீனில் வந்துவிட்டார். எனக்கும் ஜாமீன். வாரா வாரம் கையெழுத்துப் போட வேண்டும். நூற்று நாற்பது பேருக்கு வேலை இல்லை. எங்கள் தெருவில் மட்டும் பதினொரு வீடு. மழை 9.

நவம்பர் 6, ஞாயிறு

அபுபக்கர் வந்தார். உள்ளே வரவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அஃப்ரினுக்கு இடது கண்ணில் வெளிச்சம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை, இனி இவ்வளவுதான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லத்தான் வந்ததாகச் சொன்னார். நான் மற்றவர்கள் மூலம் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாதாம். சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போனார். ஸ்டார்ட் செய்ய மறந்துவிட்டார்.

நவம்பர் 9, புதன்

ருக்மணி வேறு கம்பெனிக்குப் போகிறாள். இரண்டு பஸ் மாற வேண்டும். கோபிகா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள். என்னோடு பேசுவதில்லை. எதிரே வந்தால் வழி விடுகிறாள்.

நவம்பர் 14, திங்கள்

மழை 17. ஓடை எப்படி இருக்கிறது என்று அவளிடம் கேட்க முடியவில்லை. நானே போய்ப் பார்த்தேன். கலங்கலாக ஓடுகிறது. செம்மண் நிறம்.

நவம்பர் 18, வெள்ளி

இன்று ஓடையில் ஆய்வு. அலுவலகத்திலிருந்து இரண்டு பேர், ஒரு போலீஸ்காரர். குழாய் எங்கே வெளிவருகிறது என்று காட்டுவதற்காக என்னை வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகளின் நோட்டுகளையும் சாட்சியாக எடுத்திருக்கிறார்கள். அதனால் எந்த இடத்தில் எதைப் பார்த்தோம் என்று காட்ட நாலைந்து பிள்ளைகளும் வந்திருந்தார்கள். எஸ்தர் டீச்சர் மாற்றலாகிப் போன ஊரிலிருந்து லீவு போட்டு வந்திருந்தார். மாற்றல் உத்தரவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

அஃப்ரினும் வந்திருந்தாள். கண்ணாடி போட்டிருக்கிறாள், ஒரு பக்கம் வெள்ளைத் துணி ஒட்டியது. தன் ஐந்தடியில் போய் நின்றாள். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பது இன்னும் கேவலம் என்று பட்டதும் பார்த்தேன். அவள் குனிந்து கோரையைப் பிரித்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

சீமைக்கருவேல முள்ளை விலக்கிக் குழாயைக் காட்டினேன். அதிகாரி டேப் வைத்து அளந்தார். படம் எடுத்தார். தண்ணீரிலும் மண்ணிலும் பாட்டிலில் பிடித்துக்கொண்டார். இந்த மண் பழையபடி ஆக எத்தனை வருஷமாகும் என்று டீச்சர் அவரிடம் கேட்டார். சொல்ல முடியாது மேடம் என்றார். ஒரு மணி நேரத்தில் ஜீப்பில் ஏறிவிட்டார்கள்.

நானும் கிளம்பலாம் என்று கரை ஏறினேன். பின்னால் கோபிகாவின் குரல் கேட்டது. இருபத்திரண்டு நாளுக்குப் பிறகு என்னிடம் பேசுகிறாள்.

"அந்தத் தண்ணில என்னென்ன இருந்துச்சுங்க?"

அப்பா என்று கூப்பிடவில்லை. முகம் தெரியாத ஒரு பெரியவரிடம் கேட்பதுபோலக் கேட்டாள். நோட்டு முழங்கையில் விரிந்திருந்தது. டீச்சர் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

சொன்னேன். காஸ்டிக் சோடா. பெராக்சைடு. சோடா ஆஷ். உப்பு, ஒரு நாளைக்கு எத்தனை மூட்டை என்பதையும். சாயங்களின் பேர். ஒவ்வொன்றும் துணியில் என்ன செய்யும், மண்ணில் என்ன செய்யும், உடம்பில் பட்டால் என்ன செய்யும். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. யாரும் கேட்காமலே இத்தனை வருஷமாக எல்லாம் தெரிந்துவைத்திருந்திருக்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கு வார்த்தை வேகமாக வந்தது, நிறுத்த முடியவில்லை. அஃப்ரினும் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்று கேட்டாள். நல்ல கண் இருக்கிற பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

கோபிகாவின் கை எழுதி முடிக்கவில்லை. பாதியில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"இன்னொருக்கா சொல்லுங்க. மெதுவா."

மேட்டிலிருந்து இறங்கி அவர்கள் அருகில் உட்கார்ந்தேன். முதலிலிருந்து சொன்னேன்.